சாயல்குடி வத்தலைக் கப்பலேற்றும் வழி

போன வாரம் கடலாடிப் பக்கமிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அக்கா, துபாயில ஒருத்தர் ஆறு டன் குண்டு மிளகாய் வத்தல் கேக்குறாரு. கப்பலுக்கு யாரைப் பிடிக்கணும்?" என்றான். "அது கடைசி வேலை. சாயங்காலம் களத்துல வத்தலை மூடி வைக்கிறீங்களா, அதை முதல்ல சொல்லு" என்றேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முதுகுளத்தூர், கமுதி, ஆர்.எஸ்.மங்கலம் என்று ராமநாதபுரம் பக்கம் வத்தல் விளையும் எல்லா ஊரிலும் இதே கேள்வியோடு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் தூத்துக்குடியில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் ஒன்பது வருடம் ஆவணப் பிரிவில் இருந்தேன். உப்பு, கருவாடு, கருப்பட்டி, வத்தல் என்று பல சரக்கின் காகிதங்கள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. கல்யாணமாகிச் சாயல்குடிக்கு வந்த பிறகு மாமா வீட்டு வத்தலையும், அக்கம்பக்கத்தில் நாற்பது வீட்டு வத்தலையும் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பி வருகிறேன். இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: ஒரு மூட்டை வத்தல் நம் களத்திலிருந்து வாங்குகிறவர் கிடங்கு போய்ச் சேர்வதற்குள் எட்டு, ஒன்பது கை மாறுகிறது. சரக்கு கெடுவதும், எடை குறைவதும், பணம் நிற்பதும் பெரும்பாலும் அந்தக் கை மாறும் இடங்களில்தான். நடுக்கடலில் கெட்டதாகத் தெரிவதுகூட, விசாரித்துப் பார்த்தால் கரையிலேயே கெட்டதாக இருக்கும். அதனால் ஒவ்வொரு கையாகச் சொல்கிறேன்.

முதல் கை நம் களம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து தை, மாசியிலிருந்து பழம் எடுக்கிறோம். அந்த மாதங்களில் கடற்கரை ஊர்களில் பனி எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். பகலெல்லாம் காய்ந்த வத்தல் ராத்திரிப் பனியில் மறுபடி ஈரத்தைக் குடித்துவிடும். காலையில் வெயில் பட்டதும் மேல்தோல் காய்ந்துவிடும், காம்படியில் மட்டும் ஈரம் நிற்கும். அங்கேதான் பூஞ்சை பிடிக்கிறது. அந்தப் பூஞ்சை விடும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் வத்தலில் அனுமதிப்பது பி1 வகையில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராம். 5 மைக்ரோகிராம் என்றால் ஒரு டன்னுக்கு ஐந்து மில்லிகிராம். களத்தில் ஒரு மூலையில் கிடந்த நாலு கூடை வத்தல் போதும், ஒரு கன்டெய்னர் பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்ப வைக்க. துடைத்தாலும் காயவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு முழுக்கப் போகாது.

அதனால் மண் தரையில் காயப்போடுவதை நிறுத்துங்கள். பூஞ்சை மண்ணிலிருந்துதான் ஏறுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் தார் ரோட்டில் கொட்டிக் காயவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உள்ளூர்ச் சந்தைக்கு அது எப்படியோ, ஏற்றுமதிக்கு வேண்டவே வேண்டாம். கல், டயர்த் தூசி, நாய் முடி எல்லாம் சோதனையில் வந்துவிடும். தார்ப்பாய் விரியுங்கள், சிமென்ட் களம் இருந்தால் இன்னும் நல்லது. பொழுது சாய்வதற்கு முன்பே குவித்து மூடுங்கள். காலையில் பனி முழுக்க விட்ட பிறகே பிரியுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஈரமானி வாங்கிக்கொள்ளுங்கள். 10, 11 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் கையில் இல்லாத நேரத்துக்கு என் அத்தை சொல்லிக்கொடுத்த வழி இருக்கிறது. ஒரு குண்டு வத்தலை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பாருங்கள். விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். அப்புறம் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல அமுக்குங்கள். தோல் லேசாக உள்வாங்கித் திரும்பினால் சரி. பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டால் இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். அப்பளம் மாதிரி நொறுங்கினால் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது, கப்பலேறுவதற்குள் பாதி விதையாகக் கொட்டிவிடும். அத்தை கை சொல்வதும் மீட்டர் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் வாங்குகிறவரிடம் காட்ட மீட்டர் எண்தான் வேண்டும்.

வெளிறிய வத்தல், சோடை, காம்பு கழன்றது எல்லாவற்றையும் களத்திலேயே பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு வீட்டுச் சரக்கையும் தனித் தாட்டாக (லாட்) வைத்து, சாக்கில் தாட்டு எண் எழுதுங்கள். எங்கள் நாற்பது வீட்டுக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்திருக்கிறேன். ஒரு சாக்கில் குறை என்று புகார் வந்தால் நாற்பது பேரும் நஷ்டப்பட வேண்டியதில்லை, எந்தக் களத்தில் என்ன ஆனது என்று போய்ப் பார்த்துவிடலாம். முதல் வருடம் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இப்போது அவர்களே மார்க்கர் பேனாவோடு வந்து நிற்கிறார்கள்.

இரண்டாவது கை கிடங்கு. அறுவடை வருடத்துக்கு ஒருமுறைதான், ஆனால் வாங்குகிறவர் ஆடியிலும் கேட்பார், ஐப்பசியிலும் கேட்பார். நிறம் மங்காமல் இருக்கக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறோம். இங்கே பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. குளிரிலிருந்து எடுத்த சாக்கை அன்றைக்கே பெட்டியில் ஏற்றிவிடுவார்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், குளிர்ந்த சாக்கின் மேல் அது அப்படியே நீராகப் படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். குளிர்கிடங்கிலிருந்து எடுத்த சாக்கை ஒரு முழு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், காற்றோட்டமான கொட்டகையில் பலகை மேல் இடைவெளி விட்டு அடுக்கி, வெளிச்சூட்டுக்கு வரவிட்டு, மறுபடி ஈரம் பார்த்த பிறகு ஏற்றுங்கள். கப்பல் தேதி நெருங்கிவிட்டது என்று யார் அவசரப்படுத்தினாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதிவுகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவற்றை நினைத்து மலைக்கத் தேவையில்லை. வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதி) எண்ணை இணையத்திலேயே 500 ரூபாய் கட்டி வாங்கலாம். வருடா வருடம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் உள்ளே போய் விவரங்களை உறுதி செய்ய வேண்டும், மறந்தால் எண் முடங்கிவிடும். வத்தல் என்பதால் ஸ்பைசஸ் போர்டில் (நறுமணப் பொருள் வாரியம்) ஏற்றுமதியாளர் பதிவு வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஜி.எஸ்.டி.யில் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய வருடத்துக்கொருமுறை எல்.யு.டி. என்னும் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் வங்கியின் ஏ.டி. கோடை, அதாவது ஏற்றுமதிப் பணம் வந்து சேரும் வங்கிக் கிளையின் எண்ணை, சுங்கத் துறையின் தளத்தில் பதிய வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் மறப்பார்கள், பெட்டி வாசலில் வந்து நிற்கும்போதுதான் ஞாபகம் வரும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சாக்கில் அச்சிட வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். செலவு பெரிதில்லை, செய்துவிடுங்கள். நம் மண்ணின் பெயரில் வேறு ஊர் வத்தல் போவதைத் தடுக்க நம் கையில் இருக்கும் வழி அதுதான்.

இனி விலை சொல்வது. தம்பி துபாய்க்காரரிடம் கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டானாம். எங்கே கொண்டுவந்து கொடுக்கும் விலை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லவே கூடாது. இன்கோடெர்ம்ஸ் என்று உலகம் முழுவதும் வழங்கும் விதிகள் இருக்கின்றன, இப்போது புழக்கத்தில் இருப்பது 2020 பதிப்பு. செலவு யார் தலையில், நஷ்டம் யார் தலையில், எந்த இடத்தில் கை மாறுகிறது என்பதைத்தான் அவற்றின் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் சொல்கின்றன. எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால் சரக்கு கப்பலின் மேல் ஏறும் வரை நம் பொறுப்பு, அதற்கப்புறம் அவர் பொறுப்பு, கப்பல் கூலியும் அவருடையது. சி.ஐ.எஃப். ஜெபல் அலி (துபாய்த் துறைமுகம்) என்றால் கப்பல் கூலியும் காப்பீடும் நாம் கட்ட வேண்டும். ஆனால் நஷ்டத்தின் பொறுப்பு அதிலும் தூத்துக்குடியில் கப்பலேறும்போதே அவருக்கு மாறிவிடுகிறது. ஜெபல் அலி வரைக்கும் எல்லாமே நம் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களும் உண்டு, அப்படித்தான் என்று மிரட்டுகிறவர்களும் உண்டு.

பெட்டிச் சரக்குக்கு இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. நாம் பெட்டியைத் துறைமுக முனையத்தின் வாசலில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறோம். அது கப்பலில் ஏற மூன்று நாளும் ஆகலாம், ஐந்து நாளும் ஆகலாம். எஃப்.ஓ.பி. போட்டிருந்தால் நாம் தொடக்கூட முடியாத அந்த நாட்களுக்கும் பொறுப்பு நம்முடையது. அதனால் பெட்டிக்கு எஃப்.சி.ஏ.தான் பொருத்தம், கப்பல்காரர் கையில் கொடுத்த இடத்திலேயே பொறுப்பு மாறிவிடும். பழகிய வியாபாரிகள் எஃப்.ஓ.பி.யையே கேட்பார்கள். நான் எஃப்.சி.ஏ. கேட்டுப் பார்ப்பேன். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த இடைப்பட்ட நாட்களுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்துவிடுவேன்.

சி.ஐ.எஃப். விலையை ஒரு வாரத்துக்கு மேல் செல்லும் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கப்பல் கூலி அவ்வளவு ஆடும். 2021 மார்ச் 23ஆம் தேதி எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டியது, ஆறு நாள்தான் வழி அடைத்தது, ஆனாலும் ஐரோப்பியத் துறைமுகங்களில் நெரிசல் தெளிய வாரக்கணக்கானது. 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் கப்பல்கள் மேல் ஏமன் நாட்டு ஹூதிகளின் தாக்குதல் தொடங்கியதும் பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஐரோப்பாவுக்குப் பத்து நாள், இரண்டு வாரம் கூடியது. ஹூதிகள் யாரென்று சாயல்குடியில் யாருக்கும் தெரியாது, ஆனால் எங்கள் வத்தல் விலையில் அந்த இரண்டு வாரமும் ஏறியது. ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்கள் எந்த வழியாகப் போகும் கப்பல் என்று கேட்டுவிட்டு நாள் சொல்லுங்கள்.

இப்போது பெட்டி. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பெரிய நஷ்டம் இங்கேதான் வந்தது.

குண்டு வத்தல் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. நீட்டு வத்தலை அழுத்திக் கட்டுவது போல இதை அழுத்தவும் முடியாது, உடைந்துவிடும். 20 அடிப் பெட்டியின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். 25 கிலோ சாக்காக எங்களால் ஏற்ற முடிவது 240 சாக்கு, அதாவது ஆறு டன். 40 அடி உயரப் பெட்டியில் இடம் இரண்டு மடங்குக்கும் மேல், கூலி பெரும்பாலும் இரண்டு மடங்கு இருக்காது. சரக்கு இருந்தால் அதுவே லாபம். ஆனால் அந்த டிரெய்லர் உங்கள் தெருவில் திரும்புமா என்று முதலில் பாருங்கள். எங்கள் கிடங்கு ரோட்டு மேலேயே இருப்பதால் பிழைத்தேன். உள்ளே தள்ளிக் கிடங்கு வைத்திருப்பவர்கள் சரக்கை லாரியில் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் சி.எஃப்.எஸ். என்னும் சரக்கு நிலையத்தில் வைத்துப் பெட்டியில் மாற்றுகிறார்கள். அதில் இன்னும் இரண்டு கை கூடுகிறது, இரண்டு முறை சாக்கு தூக்கி எறியப்படுகிறது. முடிந்தவரை உங்கள் கிடங்கிலேயே ஏற்றி, சுங்க விதிப்படி மின்னணு சீல் வைத்து அனுப்பப் பாருங்கள்.

2019இல் மலேசியாவின் போர்ட் கிளாங்குக்கு ஒரு பெட்டி ஏற்றினோம். மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் பெட்டி வந்தது. முனையத்தின் வாசல் அன்று இரவோடு மூடுகிறது என்று டிரைவர் அவசரப்படுத்தினார். உள்ளே ஏறிப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது, சோப்பு வாசனைகூட வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியதால் பலகைத் தரை காலுக்குச் சில்லென்று இருந்தது. நல்ல வெயிலில் வந்து நின்ற பெட்டியின் தரை ஏன் சில்லென்று இருக்க வேண்டும் என்று அப்போது யோசிக்கவில்லை. காலையில் கழுவி, காயாமலே அனுப்பியிருக்கிறார்கள். பலகை குடித்திருந்த தண்ணீர் முழுவதும் கடல் வெயிலில் ஆவியாகி மேலே போய், ராத்திரி கூரைத் தகடு குளிர்ந்ததும் சொட்டுச் சொட்டாகச் சாக்கின் மேல் விழுந்திருக்கிறது. அங்கே திறந்தபோது மேல் வரிசையிலும் தரையோடு கிடந்த வரிசையிலும் 38 சாக்கு கறுத்துப் போயிருந்தன. வாங்கியவர் அனுப்பிய படத்தில் ஒரு சாக்கைக் கிழித்துக் காட்டியிருந்தார், உள்ளே வத்தல் வெல்லப்பாகு போல ஒட்டிக் கிடந்தது. அந்த 38 சாக்கில் ஒன்பது சாக்கு எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியுடையது. அவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்த்தேன்.

காப்பீடு இருந்தது, ஆனால் கைகொடுக்கவில்லை. சி.ஐ.எஃப்.பில் குறைந்தபட்சமாகக் கேட்பது சி பிரிவுக் காப்பீடு. கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் பணம் வரும். பெட்டிக்குள் வியர்த்து நனைந்ததற்கு வராது. ஏ பிரிவு எடுத்திருக்க வேண்டும். அதிலும்கூட, பெட்டி சரியில்லை என்று தெரிந்தே நாமே ஏற்றியிருந்தால் தகராறு வரும். அன்றிலிருந்து ஏ பிரிவு, சரக்கு மதிப்பில் 110 சதவீதத்துக்கு.

அன்றிலிருந்து பெட்டி வந்தால் இப்படித்தான் பார்க்கிறேன். செருப்பில்லாமல் ஏறுவேன். தரையில் நாலு மூலையிலும் நடுவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். அப்புறம் இரண்டு கதவையும் வெளியிலிருந்து சாத்தச் சொல்லிவிட்டு உள்ளேயே நிற்பேன், வெளியே நம்பிக்கையான ஒரு ஆள் கதவருகிலேயே நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கூரையில் ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. அந்த இருட்டில் வாசனையும் நன்றாகத் தெரியும். மீன் தூளோ ரசாயனமோ ஏற்றிய பெட்டி என்றால் மூக்கு சொல்லிவிடும், வத்தல் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். ஒன்று சரியில்லை என்றாலும் வேறு பெட்டி கேட்பேன். இதுவரை மூன்று பெட்டி திருப்பி அனுப்பியிருக்கிறேன். டிரைவர்கள் முகம் சுளிப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து, வாடகையில் பாதியைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

நல்ல பெட்டி என்றால் சுவரிலும் தரையிலும் கிராஃப்ட் காகிதம் விரிக்க வேண்டும். கால்சியம் குளோரைடு பைகளைச் சுவர் ஓரக் கொக்கிகளில் தொங்கவிட வேண்டும், அவை காற்றின் ஈரத்தைக் குடித்துக் கூழாகிவிடும். மரப் பலகை வைப்பதாக இருந்தால் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலக விதிப்படி முத்திரை குத்தியதாகப் பாருங்கள். பெரும்பாலும், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிடம் வைத்ததற்கு அடையாளம் அது. முத்திரை இல்லாத ஒரு பலகைக்காகப் பெட்டியையே நிறுத்துவார்கள். சாக்கைச் செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்குங்கள், கூரைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விடுங்கள். கதவுப் பக்கம் வலை கட்டுங்கள். அங்கே திறக்கிறவர் மேல் சாக்கு சரிந்து விழக் கூடாது.

எண்ணுவதற்கு இரண்டு பேர். ஒருவர் கிடங்கு வாசலில், ஒருவர் பெட்டி வாசலில். நாலு கோடு நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே போடும் பழைய கணக்குதான். ஐம்பது சாக்குக்கு ஒருமுறை இருவரும் சொல்லி ஒப்பிடுங்கள், 240க்கு அப்புறம் ஒப்பிட்டால் தப்பு எங்கே வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வெறும் பெட்டி, பாதி ஏற்றியது, முழுக்க ஏற்றியது, ஒரு கதவு சாத்திப் பெட்டி எண் தெரிவது, சீல் எண் தெரிவது என்று ஐந்து படமாவது எடுங்கள். ஏற்றுகிற லோடுமேன் அண்ணன்களுக்கு முகக்கவசமும் மோரும் கட்டாயம். மூடிய பெட்டிக்குள் வத்தல் நெடி எப்படி இருக்கும் என்று ஒரு பத்து நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். அவர்கள் மூன்று மணி நேரம் நிற்கிறார்கள்.

பெட்டி எண்ணில் நாலு எழுத்து, ஏழு இலக்கம். நாலாவது எழுத்து பெரும்பாலும் யு. கடைசி இலக்கம் மற்றவற்றை வைத்துக் கணக்கிட்டு வருவது, அதனால் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் கணினி ஏற்காது. அந்த எண், சீல் எண், சாக்கு எண்ணிக்கை, மொத்த எடை இந்த நாலும் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எடை பற்றி ஒன்று. 2016 ஜூலை 1 முதல், ஏற்றிய பெட்டியின் மொத்த எடையை, வி.ஜி.எம்., உறுதி செய்து கொடுக்காமல் எந்தப் பெட்டியும் கப்பலேற முடியாது. எடைமேடைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இதற்கு முன்பே சோதனைச் சான்றுகள் கையில் வந்திருக்க வேண்டும். 2003இல் பிரான்ஸ் நம் நாட்டு வத்தல் பொருள்களில், உணவில் சேர்க்கக் கூடாத சூடான் என்ற சிவப்புச் சாயத்தைக் கண்டுபிடித்தது. 2005இல் பிரிட்டனில் அதே சாயத்தால் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அதற்கப்புறம்தான் வத்தலுக்கு ஸ்பைசஸ் போர்டின் மாதிரிச் சோதனை இவ்வளவு கெடுபிடியானது. வாரியத்தின் ஆய்வகம் தூத்துக்குடியிலேயே இருப்பது நமக்குப் பெரிய வசதி. முழு வத்தலுக்குத் தாவர நலச் சான்றிதழும் பல நாடுகள் கேட்கும், பூச்சிக்குப் புகையூட்டிய சான்றும் கேட்கும். இவற்றின் தேதிகளைக் கவனியுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் தாவர நலச் சான்று, கப்பல் கிளம்பிய மறுநாள் தேதியிட்டு வந்துவிட்டது. சரக்கு போன பிறகு அதைப் பார்த்ததாக ஒரு சான்று! வெளிநாட்டு வங்கி அதை ஏற்கவில்லை. திருத்தி வாங்க மூன்று வாரம் ஆனது, அதற்குள் பெட்டிக்கு டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறிவிட்டது.

கப்பல் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும், அது சரக்கு முகவர் வேலை. இரண்டு மூன்று பேரிடம் கூலி கேளுங்கள், ஆனால் குறைந்த கூலியை மட்டும் பார்க்காதீர்கள். தூத்துக்குடியிலிருந்து நேராகப் போகிறதா, கொழும்பில் இறக்கி வேறு கப்பலில் மாற்றுகிறார்களா, அங்கே எத்தனை நாள் காத்திருக்கும் என்று கேளுங்கள். கொழும்பும் ஒரு கை மாறும் இடம், வெயிலில் பெட்டி காயும் இடம். போகிற துறைமுகத்தில் எத்தனை நாள் இலவசம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முனையத்துக்குள் நாள் கடந்தால் டெமரேஜ், வெளியே எடுத்துப் போன பெட்டியைத் திருப்பித் தர நாள் கடந்தால் டிடென்ஷன், இரண்டும் தனித்தனி. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான். 1964 புயலுக்கு முன்பு இங்கிருந்து ஆளும் சரக்கும் நேராக அக்கரை போனதாக மாமா சொல்வார். இன்று அதே இலங்கைக்குப் போகும் எங்கள் வத்தல் முதலில் எதிர்த் திசையில் தூத்துக்குடி போய், அங்கிருந்து கொழும்பு சுற்றிக்கொண்டு போகிறது. அந்தக் கடலை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு மனம் கேட்பதில்லை.

ஆறு டன் இல்லை, அறுநூறு கிலோதான் என்றால் எல்.சி.எல். முறையில் மற்றவர் சரக்கோடு பெட்டியைப் பகிர்ந்துகொள்ளலாம். பக்கத்தில் என்ன சரக்கு ஏறுகிறது என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். மாதிரி அனுப்புவதற்கு அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திரா போதும்.

கடைசியாகப் பணம். புதியவர் என்றால் முப்பது சதவீதம் முன்பணம், மீதி பி.எல். (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டு) நகலைக் காட்டியதும். அசல் பி.எல். மூன்றும் நம் கையில் இருக்கும் வரை சரக்கு நம்முடையது. பணம் வரும் முன் "சரண்டர் செய்துவிடுங்கள், நாளைக்குப் போட்டுவிடுகிறேன்" என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சரண்டர் என்றால் அசலைக் கப்பல்காரரிடம் திருப்பிக் கொடுத்து, அசல் இல்லாமலே வாங்குகிறவர் சரக்கை எடுக்க விடுவது. எல்.சி., அதாவது வாங்குகிறவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம், என்றால் அதன் ஒவ்வொரு வரியையும் சரக்கு ஏற்றும் முன்பே படித்துவிடுங்கள். செய்ய முடியாத நிபந்தனை இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். எல்.சி.யில் வேறு நாள் சொல்லியிருந்தால் தவிர, கப்பலேறி 21 நாளுக்குள் காகிதங்கள் வங்கிக்குப் போய்விட வேண்டும்.

வாங்குகிறவர் நல்லவர் என்பது மட்டும் போதாது. 2022இல் கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு அண்ணன் எங்களிடம் ஒரு பெட்டி எடுத்தார். பத்து வருடப் பழக்கம், ஒருநாள்கூடத் தவணை தவறியதில்லை. அந்த ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அவரிடம் ரூபாய் இருந்தது, வங்கியில் டாலர் இல்லை. வாரம் ஒருமுறை தானே போன் செய்து, "தங்கச்சி, இந்த வாரமும் கிடைக்கேல்ல" என்பார். ஏழு மாதம் கழித்துக் கடைசி டாலர் வரை அனுப்பினார். ஆனால் அந்த ஏழு மாதம் நாற்பது வீட்டுக்கும் நான்தான் பதில் சொன்னேன், நகையை வைத்து. இப்போது எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் இ.சி.ஜி.சி. என்னும் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எடுத்துவிடுகிறேன். வாங்குகிறவர் கைவிரித்தாலும் சரி, அவர் நாடு டாலரை நிறுத்தினாலும் சரி, பெரும்பகுதிக்கு அது பொறுப்பேற்கும். இலங்கைக்கு விற்கிறவர்கள் அங்கே வத்தல் மேல் விதிக்கும் அறவீட்டையும் கவனியுங்கள். வர்த்தமானியில் ஓர் இரவில் மாறும், நடுக்கடலில் இருக்கும் சரக்குக்கு யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் திறக்கும் முன் சீலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், திறந்ததும் முதல் வரிசையையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தாட்டிலும் ஒரு கிலோ எடுத்து, காற்றுப் புகாத பையில் தேதி போட்டு, நம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் முழுவதும் வந்து, புகார் சொல்லும் காலமும் முடியும் வரை அதைத் திறக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. காலம் முடிந்த பைகளை அத்தை குழம்புக்கு எடுத்துக்கொள்வார், எடுக்கும் முன் ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டு.